கணவாய் ஏற்றத்தில் பூட்டிக்கொண்ட பின்சக்கரம்: ஒரு செயின் நீள விவகாரம்

ஞாயிறு காலை ஏழு மணி இருக்கும், போன் வந்தது. "தம்பி, பின்சக்கரம் சுத்த மாட்டேங்குது. முன்னாடியும் போகல, பின்னாடியும் போகல. வண்டியோட சேந்து நானும் சாஞ்சுட்டேன்." பேசியவர் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர், ஞாயிறு தவறாமல் சைக்கிள் எடுப்பவர். அன்றைக்குக் காளவாசலில் கிளம்பி, உசிலம்பட்டியில் டீ குடித்து, ஆண்டிபட்டி கணவாய் ஏறி, வைகை அணை வரை போய்த் திரும்புவது திட்டம். கணவாய் ஏற்றம் தொடங்கிய இடத்திலேயே திட்டம் முடிந்துவிட்டது.

முழங்கையில் தோல் உரிந்ததைத் தவிர அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏற்றத்தில் வேகம் குறைவு என்பதால் தப்பித்தார்.

நான் முதலில் வழக்கமான சந்தேகத்தைத்தான் கேட்டேன். "செயின் கேசட்டைத் தாண்டி ஸ்போக் பக்கம் விழுந்திருக்கா பாருங்கண்ணே." (கேசட் என்பது பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கு.) பத்துக்கு எட்டுப் பேருக்கு அதுதான் நடந்திருக்கும். "இல்ல தம்பி, பெரிய பல்லு மேல பாதி ஏறி நிக்குது. செயின் தறியில இழுத்துக் கட்டுன பாவு மாதிரி விறைப்பா இருக்கு." முன்னால் எதில் இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பெருசுல."

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொன்னேன். டீரெய்லரின் (கியர் மாற்றும்போது செயினைத் தள்ளும் பின்பக்கக் கருவி) கூண்டு, வழக்கமாகத் தரையைப் பார்த்துத் தொங்குவது, முன்பக்கம் பெடல் மாட்டியிருக்கும் கிராங்க்கை நோக்கிக் கிட்டத்தட்டப் படுத்த வாக்கில் இழுபட்டுக் கிடந்தது. மேல் ஜாக்கி வீல் (கூண்டுக்குள் செயின் வளைந்து போகும் இரண்டு குட்டிச் சக்கரங்களில் மேலே இருப்பது) கேசட்டின் பெரிய பல்லில் முட்டிக்கொண்டிருந்தது. செயின் எங்கும் மாட்டிக்கொள்ளவில்லை, வேண்டிய நீளம்தான் அதற்கு இல்லை என்று அந்தப் படத்திலேயே புரிந்துவிட்டது. அந்தக் கணத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்படிப் பூட்டிக்கொண்டால் கியர் லிவரை எத்தனை தட்டு தட்டினாலும் பிரயோஜனமில்லை. செயின் ஓடினால்தானே கியர் மாறும்? பெடலை மிதித்து விடுவிக்கப் பார்த்தால் இன்னும் ஏதாவது உடையும். பின்சக்கரத்தின் குயிக் ரிலீஸைத் திறந்து, சக்கரத்தைக் கீழ்ப்பக்கமாகத் தள்ளி ஃபிரேமிலிருந்து கழற்றுவதுதான் வழி. அச்சு கழன்று முன்னால் வந்தவுடன் செயின் தளர்ந்துவிடும். போனில் சொல்லச் சொல்ல அண்ணன் செய்தார். சக்கரம் "டப்"பென்று கழன்று வந்த சத்தம் எனக்கே கேட்டது. ஆனால் டீரெய்லர் தொங்கும் ஹேங்கர் உள்பக்கமாக வளைந்திருந்ததால் வண்டியை ஓட்ட முடியாது. பரவை மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் ஏற்றிப் போன ஒரு குட்டி யானை நின்று அவரையும் சைக்கிளையும் சேர்த்து ஏற்றிக்கொண்டது. மதியம் பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு வாசலில் வண்டி வந்து இறங்கியபோது அதன் ஹேண்டில்பாரில் முருங்கைக் கொத்து ஒன்று தொங்கியது.

வண்டியின் ஜாதகம்

கைமாறி வந்த ரோடு சைக்கிள். முன்னால் 50, 39, 30 பல் கொண்ட மூன்று பல்சக்கரம், பின்னால் எட்டு. இந்த மூன்று பல்சக்கர அமைப்பு இப்போது வரும் புது ரோடு வண்டிகளில் அருகிவிட்டது. ஐம்பது வயது முழங்காலோடு மலை ஏறுகிறவர்களுக்கு அந்த 30 பல் ஒரு வரம் என்பது என் கட்சி. மாற்றச் சொல்லி யார் சொன்னாலும் அண்ணனும் கேட்கவில்லை, நல்லதுதான்.

வாங்கியபோது பின்னால் இருந்தது 12-25 கேசட். அதாவது மிகச் சின்னது 12 பல், மிகப் பெரியது 25 பல். சமதரைக்கு அருமையானது. கொடைக்கானல் மலைப்பாதையில் பாதி வழியில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்த கதையை ஒருநாள் அவர் சொன்னபோது, "11-30 போட்டுப் பாருங்கண்ணே" என்று சொன்னவன் நான்தான். வயிற்றைப் பிசைந்தது அதனால்தான். கேசட்டைப் பற்றி வாய் கிழியப் பேசியவன் செயினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் ஒரு கடையில் கொடுத்துக் கேசட்டை மாற்றினார். பழைய செயினும் தேய்ந்திருந்ததால் புதுசு போட்டார்கள். நகரத்துக்குள்ளும் ரிங் ரோட்டிலும் ஐந்து வாரம் ஓட்டினார். ஒரு குறையும் இல்லை, கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது என்று சந்தோஷமாக வேறு சொன்னார். நம் ஊர்ச் சமதரையில், முன்னால் பெரிய பல்லில் இருந்துகொண்டு பின்னாலும் பெரிய பல்லுக்குப் போக யாருக்கும் அவசியம் வராது. அந்த ஐந்து வாரமும் கோளாறு வண்டியோடுதான் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே தெரிய ஒரு மேடு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கணவாய் போன்ற குட்டை ஏற்றங்கள் இந்த விஷயத்தில் சிறுமலையை விட ஆபத்தானவை என்று எனக்குத் தோன்றுகிறது. சிறுமலையில் பதினெட்டு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது என்று தெரிந்துதான் போகிறோம். அடிவாரத்திலேயே முன்னால் சின்னப் பல்லுக்கு இறக்கிவிட்டு மூச்சைச் சீராக்கிக்கொள்வோம். கணவாய் அப்படியில்லை. உசிலம்பட்டி தாண்டி நல்ல வேகத்தில், 50 பல்லில் வருகிறோம். மேடு தொடங்குகிறது. "இது சின்ன ஏத்தம்தானே" என்று வலது கை லிவரை மட்டும் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போகிறோம். முன் பல்லை மாற்றும் இடது கையின் ஞாபகமே வருவதில்லை. அண்ணனும் அதைத்தான் செய்தார். கடைசித் தட்டில் பூட்டிக்கொண்டது.

மாடிப்படிக்கு அடியில்

என் பட்டறை வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. ஸ்டாண்டில் வண்டியை ஏற்றி முதலில் ஹேங்கரைப் பார்த்தேன். பின்னாலிருந்து பார்க்கும்போது டீரெய்லர் கேசட்டுக்கு நேர்கீழே செங்குத்தாகத் தொங்க வேண்டும். இது சக்கரத்தை நோக்கிச் சாய்ந்து நின்றது. கூண்டிலும் லேசான முறுக்கு. கண்ணாடித் தட்டின் மேல் படுக்க வைத்தால் ஒரு மூலை மட்டும் தூக்கிக்கொண்டது. செயினில் இரண்டு இடங்களில் வெளித்தகடு விரிந்து, பின்னின் தலை வெளியே எட்டிப் பார்த்தது. இந்தச் செயினை மறுபடி போடக்கூடாது. தட்டி உள்ளே தள்ளினால் உட்காரும், ஆனால் ஏதாவது ஓர் ஏற்றத்தில் முழு எடையையும் போட்டு மிதிக்கும்போது கழன்று விடும்.

அண்ணன் ஒரு மஞ்சள் பையில் பழைய செயினையும், புதுச் செயினிலிருந்து வெட்டி எடுத்த துண்டையும் பத்திரமாக வைத்திருந்தார். வியாபாரி என்பதால் எதையும் தூக்கிப் போட மனசு வராது. இந்தக் குணம் அன்றைக்கு எனக்குப் பெரிய உதவி. மூன்று பொருளும் கையில் இருந்ததால் யார் என்ன செய்தார்கள் என்று ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

ஜன்னல் கம்பியில் இரண்டு ஆணியைக் கட்டி, பழைய செயினையும் புதுச் செயினையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டேன். பழையது ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கீழே இறங்கி நின்றது. எண்ணிப் பார்த்தால் இரண்டுமே 106 கண்ணி. ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் தேய்மானத்தால் வந்தது, பின்னும் அது சுழலும் துளையும் தேய்ந்து ஒவ்வொரு கண்ணியும் துளித்துளியாக நீண்டிருக்கிறது. ஆக அந்தக் கடையில் பழைய செயினைப் பக்கத்தில் போட்டுக் குத்துமதிப்பாக வெட்டவில்லை. ஒழுங்காகக் கண்ணியை எண்ணித்தான் வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய துண்டில் 10 கண்ணி இருந்தது. 116 கண்ணியாகப் பெட்டியில் வந்த செயின், 10 போக 106. கணக்கு சரி. கைவேலையும் சுத்தம்.

பழைய செயின் 25 பல்லுக்காக வெட்டப்பட்டது, அது ஒன்றுதான் பிரச்சினை.

(கண்ணி என்று நான் சொல்வது அரை இஞ்ச் துண்டை, அதாவது ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை, 12.7 மில்லிமீட்டர். உள்தகடு ஒன்று, வெளித்தகடு ஒன்று சேர்ந்த ஜோடியையே ஒரு கண்ணி என்று சொல்கிறவர்களும் உண்டு. கடையில் பேசும்போது இதைத் தெளிவாக்கிக்கொள்ளாவிட்டால் செயின் பாதியாகிவிடும். உள்தகடும் வெளித்தகடும் மாறி மாறி வருவதால் செயினைக் குறைத்தாலும் கூட்டினாலும் முழு முழு இஞ்ச்சாகத்தான் முடியும்.)

கணக்கு

கிராங்க்கின் மையத்திலிருந்து பின் அச்சின் மையம் வரை டேப் வைத்தேன். 42 சென்டிமீட்டர், அதாவது 16.54 இஞ்ச். செயின் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை இந்தத் தூரத்தைக் கடக்கிறது. அப்புறம் முன் பல்சக்கரத்தில் பாதியையும் பின் பல்சக்கரத்தில் பாதியையும் சுற்றுகிறது. பல்லுக்கு அரை இஞ்ச் என்றால், பாதிச் சுற்றுக்குப் பல் எண்ணிக்கையை நாலால் வகுத்தால் இஞ்ச் வந்துவிடும். கடைசியாக, டீரெய்லரின் இரண்டு ஜாக்கி வீலுக்குள் வளைந்து போக ஒரு இஞ்ச். இவ்வளவுதான் சூத்திரம்.

பழைய கேசட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். 16.54-இன் இரண்டு மடங்கு 33.08. 50-க்கு 12.5. 25-க்கு 6.25. கூட ஒன்று. மொத்தம் 52.83. மேல்நோக்கி முழு இஞ்ச்சாக்கினால் 53, அதாவது 106 கண்ணி. பழைய செயின் அச்சு அசலாக அதுதான். முதன்முதலில் இந்த வண்டிக்குச் செயின் வெட்டிய கை யாருடையதோ, தெரிந்த கை.

இப்போது 30 பல். 33.08, 12.5, 7.5. கூட்டினால் 53.08. டீரெய்லருக்கான ஒரு இஞ்ச்சை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. செயினோ 53 இஞ்ச். அதாவது டீரெய்லரே இல்லாமல் நேராகச் சுற்றினாலும் முனையும் முனையும் சேராது! இந்தச் சூத்திரம் கொஞ்சம் சோம்பேறித்தனமானது. முன் பல்சக்கரம் பெரிது, பின் பல்சக்கரம் சின்னது என்பதால் செயின் சரிவாகப் போகிறது என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. சரிவையும் சேர்த்தால் 53.23 வருகிறது. கால் இஞ்ச் பற்றாக்குறை. மிதிக்கிறவர் காலில் இருந்த அத்தனை பலமும் அந்தக் கால் இஞ்ச்சுக்காக டீரெய்லரை முன்னால் இழுத்திருக்கிறது. ஹேங்கர் வளையாமல் என்ன செய்யும்? சொல்லப் போனால் அது வளைந்ததால்தான் ஃபிரேம் தப்பித்தது. மென்மையான அலுமினியத்தில் தனியாகச் செய்து திருகி மாட்டியிருப்பதே அதற்காகத்தான்.

அண்ணன் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏந்தம்பி, பழைய சட்டைய அளவுக்குக் கொடுத்துப் புதுச் சட்டை தைக்கச் சொல்லுற மாதிரில்ல இருக்கு? இடையில ஆளு பெருத்துட்டான்." எனக்கு இதைவிட நன்றாகச் சொல்ல வராது.

வேறு வழிகளில் அளந்திருந்தால்?

ஒரு வழி, முன்னால் பெரிய பல், பின்னால் சின்னப் பல் என்று செயினைப் போட்டு, இரண்டு ஜாக்கி வீலும் ஒன்றுக்குக் கீழ் ஒன்று செங்குத்தாக நிற்கிற மாதிரி நீளம் வைப்பது. ரோடு வண்டிக்காரர்கள் நிறையப் பேர் பழகியது இது. பார்வைக்கே தெரிந்துவிடும், கணக்கு வேண்டாம். முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் 25, 27 பல் என்று அடக்கமாக இருக்கும்வரை நல்ல வழிதான். ஆனால் கேசட்டின் பெரிய பல் எத்தனை என்ற கேள்வியையே இது கேட்பதில்லை. 12-25-க்கும் 11-30-க்கும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தைத்தான் காட்டும்.

இன்னொன்று, சின்னதிலும் சின்னதிலும் போட்டு, செயின் தொய்யாமல் லேசாக இழுபடும் வரை குறைப்பது. டீரெய்லரின் கொள்ளளவுக்குள் அடங்குகிற வண்டியில் இது அழகாக வேலை செய்யும். நம் வண்டி அடங்கவில்லை, அங்கேதான் சிக்கல்.

கொள்ளளவு என்றால் டீரெய்லரின் கூண்டு எவ்வளவு தொய்வைச் சுருட்டிக்கொள்ளும் என்பது. முன்னால் பெரியதுக்கும் சின்னதுக்கும் உள்ள பல் வித்தியாசம், பின்னால் அதே மாதிரி, இரண்டையும் கூட்டினால் நமக்கு வேண்டிய அளவு. 50-34 என்று இரண்டே பல்சக்கரம் உள்ள வண்டியில் 12-25 கேசட் போட்டால் 16-உம் 13-உம் சேர்ந்து 29. குட்டைக் கூண்டே சமாளிக்கும். மூன்று பல்சக்கர வண்டியில் முன்னாலேயே 20 போய்விடுகிறது. பழைய கேசட்டோடு 33. புது 11-30 கேசட்டோடு 39. அண்ணன் வண்டியில் இருந்தது நீளக் கூண்டு டீரெய்லர்தான், ஆனாலும் அதன் தாளில் போட்டிருந்த கொள்ளளவு 37. இரண்டு பல் மீறுகிறது. பல்லுக்குக் கால் இஞ்ச் வீதம் அரை இஞ்ச் செயினுக்கு இந்த வண்டியில் போக்கிடமே இல்லை. ஒன்று அது பெரியது-பெரியதில் (முன்னாலும் பின்னாலும் பெரிய பல்) பற்றாக்குறையாகும், இல்லையென்றால் சின்னது-சின்னதில் தொய்வாகும்.

சின்னது-சின்னதில் தொய்யக்கூடாது என்று அடம்பிடித்து வெட்டினால், அந்த அரை இஞ்ச்சைப் பெரியது-பெரியதின் தலையில்தான் கட்டுகிறோம். என் கணக்குப்படி அந்த வழியிலும் இந்த வண்டிக்கு 106-தான் வரும். மூன்று வெவ்வேறு வழிகளில் வெவ்வேறு ஆட்கள் அளந்தாலும் இதே வண்டி இதே கணவாயில் பூட்டிக்கொண்டிருக்கும் என்பது எனக்குக் கொஞ்சம் பயத்தைத்தான் கொடுத்தது.

108-ஆ, 110-ஆ

புது ஹேங்கர் கூரியரில் வர எட்டு நாள் ஆனது. ஹேங்கர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு வடிவம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், திருகுத் துளை இரண்டு மில்லி தள்ளியிருக்கும். அதனால் வளைந்ததைப் படம் எடுத்து, ஸ்கேல் வைத்து அளந்து அனுப்பித்தான் வரவழைத்தோம். கூண்டின் முறுக்கை அதற்குள் நேராக்கியிருந்தேன்.

புது 116 கண்ணிச் செயினை எடுத்து, டீரெய்லருக்குள் விடாமல், முன்னால் 50-இலும் பின்னால் 30-இலும் நேரடியாகச் சுற்றினேன். முனைகளைக் கையால் பிடித்துக்கொண்டே மறு கையால் எண்ணுவது முடியாத காரியம். பழைய ஸ்போக் ஒன்றை விரல் நீளத்துக்கு வெட்டி இரண்டு முனையையும் கொக்கியாக வளைத்து வைத்திருக்கிறேன். செயினின் இரண்டு பக்கத்தையும் அதில் மாட்டிவிட்டால் இரண்டு கையும் சும்மாவாகும். இந்த ஸ்போக் கொக்கி இல்லாமல் நான் செயின் வேலையில் இறங்குவதே இல்லை. வெட்டும்போது முனை துள்ளி முகத்தில் அடிக்காமலும் அது பார்த்துக்கொள்ளும்.

53 இஞ்ச்சில் சேரவில்லை, எதிர்பார்த்தபடியே. உள்தகடும் வெளித்தகடும் முட்டுவதற்குக் கால் இஞ்ச் இடைவெளி, கணக்கில் வந்த அதே கால் இஞ்ச். 54-இல் தாராளமாகச் சேர்ந்தது. அதற்கு மேல் டீரெய்லருக்கு ஒரு இஞ்ச் சேர்த்தால் 55, ஆக 110 கண்ணி.

சூத்திரமும் அதைத்தான் சொல்கிறது: 54.08, மேல்நோக்கி 55. ஆனால் 54.08-ஐப் பார்க்கும்போது யாருக்கும் கை அரிக்கும். வெறும் .08-க்காக ஒரு முழு இஞ்ச் கூட விட வேண்டுமா? 108-இலேயே நிறுத்தினால் சின்னது-சின்னதில் தொய்வும் கிட்டத்தட்ட இருக்காதே? எனக்கும் அரித்தது. அதனால் 108-இல் தற்காலிகமாகச் செயின் லாக் போட்டு, டீரெய்லர் வழியாக விட்டு, ஸ்டாண்டில் கையால் பெடலைச் சுற்றிப் பார்த்தேன். பெரியது-பெரியதுக்கு ஏறியது, பூட்டவில்லை. ஆனால் கூண்டு முன்னால் நன்றாக நீட்டி நின்றது, ஜாக்கி வீல்கள் வழியாகப் போக வேண்டிய வளைவு கிட்டத்தட்ட நேர்கோடாகிவிட்டது. பெடலை மெதுவாகச் சுற்றும்போதே "கர்ர்" என்று ஒரு உறுமல் விரலில் தெரிந்தது. கையால் சுற்றும்போதே இப்படி என்றால், எழுபத்தைந்து கிலோ ஆள் எழுந்து நின்று மிதிக்கும்போது?

அண்ணனிடம் இரண்டையும் காட்டினேன். 108 போட்டால் மற்ற எல்லாக் கியரிலும் சத்தமில்லாமல் ஓடும், ஆனால் கணவாயில் செய்த அதே தப்பைச் செய்தால் டீரெய்லருக்குச் சித்திரவதை. 110 போட்டால் அந்தத் தப்பைச் செய்தாலும் வண்டி தாங்கும், ஆனால் முன்னால் 30 பல்லில் இருக்கும்போது பின்னால் 11, 13 பல்லுக்குப் போனால் செயின் கீழே தொங்கும்.

"அந்த 11-க்கு நான் எதுக்குப் போகப் போறேன், சின்னதுல இருக்கும்போது?"

போக வேண்டியதே இல்லை. முன்னால் 30, பின்னால் 11 போட்டால் வரும் மிதி பாரம், முன்னால் 39, பின்னால் 15-க்குக் கிட்டத்தட்டச் சமம். அதே வேகத்துக்கு நடுப் பல்லிலேயே செயின் நேராக ஓடுகிற கியர் இருக்கும்போது, கோணலாக இழுத்துக்கொண்டு போவானேன்?

பெரியது-பெரியதுக்கும் இதே நியாயம் பொருந்தும்தான். அதுவும் தேவையில்லாத கியர், அதையும் தவிர்க்கத்தான் சொல்லுவேன். ஆனால் மூச்சு வாங்கும்போது கை அங்கேதான் போகும். அண்ணனுடைய கை ஏற்கெனவே போயிருக்கிறது. சின்னது-சின்னதுக்குக் கை போவது இறக்கத்தில், நிதானமாக இருக்கும்போது. அங்கே தப்பு செய்தால் செயின் ஃபிரேமில் தட்டும், சத்தம் கேட்கும், மாற்றிக்கொள்வார். ஒரு பக்கத் தவறுக்குத் தண்டனை சத்தம், மறு பக்கத் தவறுக்குத் தண்டனை குட்டி யானையில் வீடு திரும்புவது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. அதுவுமில்லாமல், நீளமாக விட்டுப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு கண்ணியைக் கழற்றிக்கொள்ளலாம், குட்டையாக வெட்டிவிட்டால் இன்னொரு லாக் போட்டு ஒட்டுப்போட வேண்டும். துணி கிழிக்கிறவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. "விட்டுத்தான் கிழிக்கணும்" என்று அவரே முடித்தார்.

110-இல் செயின் கட்டரை வைத்தேன். 6 கண்ணி மேசையில் விழுந்தது.

பி-திருகை முக்கால் சுற்று உள்ளே விட்டேன். 30 பல்லுக்கும் மேல் ஜாக்கி வீலுக்கும் நடுவே மூச்சு விட இடம் கிடைத்தது. புது ஹேங்கர் என்பதால் ஹெச், எல் திருகுகளையும் (டீரெய்லர் இரண்டு பக்கமும் எல்லை தாண்டாமல் தடுப்பவை) கேபிளையும் முதலிலிருந்து வைத்தேன். அது வழக்கமான வேலை, விவரிக்க ஒன்றுமில்லை.

மறுபடியும் கணவாய்

மூன்று வாரம் கழித்து நானும் கூடப் போனேன். செக்கானூரணி தாண்டி நேரான சாலையில், போக்குவரத்து இல்லாத ஒரு இடத்தில், வேண்டுமென்றே பெரியது-பெரியதுக்குப் போகச் சொன்னேன். அண்ணன் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். சூடுபட்ட பூனை. அப்புறம் மெதுவாகத் தட்டினார். நான் பின்னாலேயே வந்து கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் நீண்டது, நின்றது. ஜாக்கி வீல்களின் வளைவு இன்னும் மிச்சம் இருந்தது. உறுமல் இல்லை, குறுக்காக ஓடும் செயினின் வழக்கமான சரசரப்பு மட்டும்தான். "போதும்ணே, இறக்குங்க."

சின்னது-சின்னதையும் பார்த்தோம். முன்னால் 30, பின்னால் 11-இல் செயினின் கீழ்ப்பகுதி தொட்டில் மாதிரி தொங்கி, கூண்டின் மேல் உரசி, சாலையில் சின்னக் குழி வந்தபோதெல்லாம் "டக் டக்" என்றது. 13-இலும் தொய்வு இருந்தது. 15-இல் ஓரளவு சுருட்டிக்கொண்டது. அதற்கு அடுத்த 17-இலிருந்து 30 வரை சுத்தம். முன்னால் 30-ஐப் போடுவதே பின்னால் 17-க்கு மேல் உள்ள பல்லுக்காகத்தான் என்பதால் அவருக்கு இழப்பு என்று ஒன்றுமில்லை.

கணவாய் ஏற்றம் தொடங்கும் இடத்தில் இடது கையால் 39-க்கு இறக்கிவிட்டுத்தான் ஏறினார். ஏறி முடித்து ஓரமாக நின்று தண்ணீர் குடிக்கும்போது, விழுந்த இடத்தைக் கைகாட்டினார். சாலையோரத்தில் ஒரு புளியமரம், அதன் கீழே இரண்டு ஆடு. வேறு ஒன்றும் இல்லை.

அதற்கப்புறம் ஏறக்குறைய 900 கிலோமீட்டர் ஓடிய பிறகு வண்டி ஒருமுறை என்னிடம் வந்தது, பிரேக் கட்டை மாற்ற. செயினில் 12 இஞ்ச்சுக்கு ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், தேய்மானம் சொல்லும்படி இல்லை. ஹேங்கர் நேராக நின்றது. எப்போதாவது மறந்து பெரியது-பெரியதுக்குப் போயிருக்கிறாரா என்று கேட்டேன். "ஒரு நாலஞ்சு தடவ இருக்கும்" என்றார், தலையைச் சொறிந்துகொண்டே.

சீட்டுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வெள்ளை டேப் ஒட்டி மார்க்கரில் எழுதி வைத்தேன்: "முன் 50, பின் 30, செயின் 110". அடுத்து எந்தக் கடையில் கொடுத்தாலும் அவர்கள் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் பல்லையும் பார்க்கட்டும் என்று. 32 பல் கேசட் போடலாமா என்று அண்ணன் இப்போது கேட்க ஆரம்பித்திருக்கிறார். போடுவதாக இருந்தால் முதலில் அந்த டேப்பைக் கிழித்துவிட்டு வாங்க என்று சொல்லியிருக்கிறேன்.